எதிர்வீட்டுத் தேனீக்கள்

லாப்பியோ, 28 மே 1973

திரு. சபீனோ அவர்களுக்கு,

காலஞ்சென்ற ஜெரார்தோவின் மனைவி எர்மெலிந்தா, அவருடைய தம்பியும் எதிர்வீட்டுக்காரருமான உமக்கு எழுதும் அறிவிப்பு இது. நான்கு ஆண்டுகளாக நாம் பேசுவதில்லை. இதையும் பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து நான் வீடு திரும்பும்போது, உமது தேன்பெட்டியிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து, சந்துக்கு மேலே பறந்து, என் மதிலைத் தாண்டி, முற்றத்தில் காயவைத்திருந்த பெரிய பீப்பாயின் துளை வழியாக உள்ளே போய்விட்டது. ஒன்றுகூட வெளியே தங்கவில்லை. ராணியும் உள்ளேதான் இருக்க வேண்டும். ராணி போகாத இடத்துக்கு மற்றவை போவதில்லை என்று கன்னிமாடப் பள்ளியில் இயற்கைப் பாடம் எடுத்த சகோதரி சொல்லித்தந்தார்.

அது என் மாமனார் செஸ்நட் மரத்தில் செய்வித்த பீப்பாய். மற்ற இரண்டும் ஒழுகுகின்றன. என் தோட்டத்து ஃபியானோ திராட்சை முழுவதும் ஒயினாவது இந்த ஒன்றில்தான் என்பது உமக்குத் தெரியும்.

ஜெரார்தோவின் அலமாரியிலுள்ள சட்டப் புத்தகத்தைப் பார்த்தேன். தேனீக் கூட்டம் ஓடிப்போனால், சொந்தக்காரர் அடுத்தவர் நிலத்துக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு நாளுக்குள் துரத்திக்கொண்டு வராவிட்டால் நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். என் வாசற்படியைத் தாண்டுவதில்லை என்று நீரும், தாண்ட விடுவதில்லை என்று நானும் ஊர் முன்னால் செய்த சத்தியம் அப்படியே இருக்கிறது. ஆகவே நீர் என்ன செய்வீர் என்பது எனக்குத் தெரியாது. அது என் கவலையும் அல்ல. கெடு நாளை மாலை மணி அடிக்கும்போது முடிகிறது.

எர்மெலிந்தா


1 ஜூன்

அண்ணி,

நான் பேசற மாதிரிதான் எழுதுவேன். கன்னிமாடத்துல படிச்சவங்க நீங்க. நான் படிச்சது அப்பாவோட பெல்ட்டுகிட்ட.

ரெண்டு நாள் கெடு குடுத்தீங்களே, அந்தக் காயிதம் இன்னிக்குத்தான் வந்துச்சு. அது மலையிறங்கி அவெல்லினோ போயி, முத்திரை வாங்கி, மூட்டைக்குள்ள தூங்கி எழுந்து, மறுபடி மலையேறி எதிர்வீட்டுக்கு வரணும்ல? பதிவுத் தபால் வேற. தபால்கார அஸ்சுந்தா அக்கா கையெழுத்து வாங்கும்போது கேட்டுச்சு: "உங்க ரெண்டு பேரு ஜன்னலுக்கும் நடுவுல துணிக்கயிறு ஓடுது. அதுல ஒரு கிளிப்பைப் போட்டு மாட்டினா காத்தே கொண்டுவந்து சேர்த்துடும். இதுக்கு என் முட்டி தேயணுமா?"

கூட்டம் போனதை நானும் பார்த்தேன் அண்ணி. சத்தத்துக்குக் கூட்டம் இறங்கட்டும்னு தகரத்தைத் தட்டிக்கிட்டே பின்னால ஓடி வந்தேன். உங்க வாசப்படி வந்ததும் கால் நின்னுபோச்சு. பெத்த பொண்ணு எவனோடயோ ஓடிப்போறதைப் பார்த்துக்கிட்டு நிக்கிற அப்பன் மாதிரி தகரத்தோட நின்னேன். நீங்க ஜன்னல் கதவைச் சாத்தினீங்க.

இப்ப கெடு முடிஞ்சுது. புத்தகத்துல போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும். வெச்சுக்குங்க.

சபீனோ


7 ஜூன்

திரு. சபீனோ அவர்களுக்கு,

உமது கடிதத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கத்தரிக்காய் வதக்க உதவும்.

சட்டப்படி தேனீக்கள் இப்போது என்னுடையவை. நன்றி சொல்ல மாட்டேன், ஏனென்றால் நீர் கொடுக்கவில்லை, அவையாக வந்தன. நல்ல வீடு எது என்று பூச்சிக்கும் தெரிகிறது.

ஜன்னலைச் சாத்தியதைக் குறையாக எழுதியிருக்கிறீர். குறை எது என்று நான் நினைவூட்டுகிறேன். துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. நெருங்கிய உறவு சாப்பாடும் ஒயினும் கொண்டுவர வேண்டும். ஜெரார்தோ இறந்தபோது அந்த உரிமை உமக்கு இருந்தது. லாப்பியோவில் பிறந்து, ஃபியானோவில் வளர்ந்து, ஃபியானோவைத் தவிர வேறு எதையும் ஒயின் என்று ஒப்புக்கொள்ளாத உம் சொந்த அண்ணனின் துக்கச் சாப்பாட்டுக்கு நீர் கொண்டுவந்தது என்ன? தூஃபோ ஊர்க் கிரேக்கோ ஒயின்! எங்கள் துக்கத்துக்கு அடுத்த மலையிலிருந்து ஆறுதல்! அந்தக் குடுவையை நான் சந்தின் நடுவில் வைத்ததை ஊர் இன்னும் பேசுகிறது. பேசட்டும்.

இரண்டாவது குற்றம் அதைவிடப் பெரியது. அடக்கப் பூசையில் தொன் நிக்கோலா சாமியார், ஜெரார்தோ தன் கடைசி மாதங்களில் தினமும் மாலை கல்லறை வழியிலிருக்கும் சின்ன மாதா கோவிலுக்கு நடந்துபோய் ஜெபமாலை சொன்னார் என்று பிரசங்கத்தில் சொன்னபோது, முன்வரிசையில் உட்கார்ந்து நீர் சிரித்தீர். பிறகு அதை இருமலாக மாற்றினீர். என் காது நல்ல காது.

எர்மெலிந்தா


24 ஜூலை

அண்ணி,

ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கறுப்பு முகத்திரை போட்டு வந்தீங்க. அண்ணன் போயி நாலு வருஷம் கழிச்சு எதுக்குத் திரைன்னு பொம்பளைங்க கேட்டுக்கிட்டாங்க.

ஆனா முந்தின நாள் உங்க முற்றத்துல கோவில் சாம்பிராணி வாசம் வந்துச்சு. அப்புறம் ஒரு சத்தம். அப்புறம் லத்தீன்.

சாம்பிராணிப் புகைக்கு அதுங்க மயங்காது அண்ணி. கோவம்தான் வரும். கொட்டினது மூக்குலன்னா வினிகர் தடவுங்க.

சபீனோ


27 ஜூலை

திரு. சபீனோ அவர்களுக்கு,

முகத்திரை துக்கத்துக்கானது. துக்கத்துக்குக் காலக்கெடு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

வினிகர் பற்றிய ஆலோசனை தேவைப்படவில்லை. முன்பே தடவியிருந்தேன்.

எர்மெலிந்தா


2 செப்டம்பர்

திரு. சபீனோ அவர்களுக்கு,

வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

ஃபியானோ பழுத்துவிட்டது. இந்த ஆண்டு குலைகள் சிறியவை, தோல் தடிமன், வெயில் பட்ட பக்கம் பொன்னாகச் சிவந்திருக்கிறது. நல்ல ஆண்டு. ஆனால் காலையில் தோட்டத்துக்குப் போனால் ஒவ்வொரு குலையிலும் தேனீ. பழங்களை உறிஞ்சிச் சக்கையாக்கி வைத்திருக்கின்றன. உமது பெட்டிகள் ஐந்தையும் உடனே மலைக்கு அப்பால் கொண்டுபோகாவிட்டால் ஊர் நடுவரிடம் புகார் கொடுப்பேன்.

மற்றொன்றையும் சொல்கிறேன், மறைப்பதற்கில்லை. தோரினோவிலிருந்து என் மகன் லுச்சியானோ எழுதியிருக்கிறான். தோட்டம் அவன் பெயரில் இருக்கிறது. நேபிள்ஸிலிருந்து ஒருவர் வாங்கத் தயாராக இருக்கிறாராம். கொடிகளைப் பிடுங்கிவிட்டுக் கோடை விடுதி கட்டுவாராம். "அம்மா, பீப்பாயில் தேனீ என்கிறாய், பிழிய இயந்திரம் இல்லை என்கிறாய், வயதும் ஆகிறது. இந்த வருஷம் ஒயின் வராவிட்டால் ஈஸ்டருக்கு வந்து விற்றுவிடுகிறேன். நீ எங்களோடு வந்து இரு" என்கிறான். தோரினோவில் அவர்கள் வீடு ஆறாவது மாடி. அங்கே நான் என்ன செய்வேன்? லிஃப்டில் ஏறி இறங்குவேனா?

இயந்திரத்தின் கதை உமக்குத் தெரியும். மாமனார் ஜெரார்தோவுக்குத் தோட்டத்தையும் பீப்பாய்களையும், உமக்குப் பிழிபொறியையும் எழுதிவைத்தார். பிள்ளைகள் பிரியாதிருக்கட்டும் என்று. பெரியவர்கள் செய்யும் ஏற்பாடுகள் இப்படித்தான் முடிகின்றன. நான்கு ஆண்டுகளாக மோந்தேமிலெத்தோ மில்காரரிடம் பொறியை வாடகைக்கு எடுத்தேன். இந்த வசந்தத்தில் அவர் அதை ஓர் உணவகத்துக்கு விற்றுவிட்டார். அலங்காரத்துக்காம். அதன்மேல் ஜெரேனியம் பூந்தொட்டி வைத்திருக்கிறார்களாம்.

நான் எதையும் கேட்கவில்லை. நிலைமையைத் தெரிவிக்கிறேன்.

எர்மெலிந்தா


8 செப்டம்பர்

அண்ணி,

நடுவருகிட்ட தாராளமா போங்க. ஆனா போறதுக்கு முன்னால ஒண்ணு யோசிங்க. பீப்பாயில இருக்கறது சட்டப்படி உங்க தேனீ. உங்க தேனீ, உங்க பீப்பாயில குடியிருந்துக்கிட்டு, உங்க தோட்டத்துல, உங்க திராட்சையைத் தின்னுது. யாரு மேல கேஸ் போடுவீங்க?

நெசமாச் சொல்றேன். தேனீயால ஃபியானோ தோலைக் கடிக்க முடியாது. குளவிதான் கடிச்சு ஓட்டை போடும். தேனீ அப்புறமா வந்து, சிந்தினதை நக்கிட்டுப் போகும். இந்தத் திராட்சை வாசத்துக்கு அதுங்களால வராம இருக்க முடியாது. எங்க தாத்தா காலத்துலயும் வந்துச்சு, அவரு தாத்தா காலத்துலயும் வந்துச்சு. வராத வருஷம்தான் பயப்படணும்.

லுச்சியானோ எனக்கும் எழுதினான். "சித்தப்பா, அம்மாகிட்ட நீங்களாவது சொல்லுங்க"ன்னு. நான் எப்படிச் சொல்ல? நாலு வருஷமா நம்ம பேச்சு ஜன்னல் சாத்தற சத்தம்தான். ஆனா அந்தக் கொடியைப் பிடுங்கினா என் பொறி மேலயும் பூந்தொட்டிதான்.

இந்த வருஷத் தேன் கொஞ்சம் அஸ்சுந்தா அக்கா கையில குடுத்துவிட்டிருக்கேன். ஜாடியெல்லாம் தீர்ந்துபோச்சு. கைக்குக் கிடைச்சதுல ஊத்திக் குடுத்தேன். தேன்ல கோவம் இல்லை, சாப்பிடுங்க.

சபீனோ


14 செப்டம்பர்

சபீனோ அவர்களுக்கு,

தேனை வேறு பாத்திரத்தில் மாற்றிவிட்டேன்.

அது வந்த குவளை என்னுடையது. நீல எனாமல், விளிம்பில் காதுக்குப் பக்கத்தில் கருப்பாகப் பெயர்ந்திருக்கும். என் சீதனத்தோடு வந்த ஆறில் ஒன்று. ஜெரார்தோ அதில் மட்டும்தான் குடிப்பார். அவர் இறந்த வாரத்திலிருந்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை அஸ்சுந்தாவின் பையைக்கூட, அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது, திறந்து பார்த்தேன்.

அது உமது வீட்டுக்கு எப்படி வந்தது?

பதில் எழுதும்போது கறை இல்லாத தாளில் எழுதும்.

எர்மெலிந்தா


19 செப்டம்பர்

அண்ணி,

குடுத்துவிட்ட அப்புறம்தான் எனக்கே உறைச்சுது. சந்து முனை வரைக்கும் ஓடினேன். அஸ்சுந்தா அக்கா முட்டி தேஞ்சிருக்குன்னு சொல்றதெல்லாம் பொய். மான் மாதிரி போயிடுச்சு.

இனி சொல்லாம இருக்க முடியாது. அண்ணன் கொண்டுவந்த குவளை அது.

டாக்டர் அண்ணனுக்கு ஒயின் கூடாதுன்னு சொன்னாரு. நீங்களும் நிலவறைச் சாவியை இடுப்புல கட்டிக்கிட்டீங்க. அண்ணன் ஒரு மாசம் தாங்கினாரு. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பொறிக்கொட்டாய் பின்கதவைத் தட்டினாரு. கல்லறை வழியில வந்தா அந்தக் கதவுதான். கையில இந்தக் குவளை. "மாதா கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்டா. சீக்கிரம் ஊத்து. அவ மணியைப் பார்த்துக்கிட்டே இருப்பா"ன்னாரு.

அப்புறம் தினமும் வந்தாரு. நிறைய இல்லை அண்ணி. பாதிக் குவளை. அதுலயும் பாதி நேரம் மோந்து பார்ப்பாரு. பொறி மேல உக்காந்துக்கிட்டு உங்களைத் திட்டுவாரு. "எர்மெலிந்தா சட்டையைத் தேய்க்கிற மாதிரியே ஒயினும் பண்றாடா. எங்கியும் ஒரு சுருக்கம் இல்லை"ன்னு. திட்டறாரா, மெச்சறாரான்னு எனக்குப் புரிஞ்சதில்லை. கிளம்பும்போது காட்டுச் சோம்பை வாயில போட்டுக்குவாரு. குவளையைக் கொட்டாய்லயே ஆணியில மாட்டிட்டுப் போவாரு.

பிழிஞ்சு குடுத்ததுக்குக் கூலியா நீங்க குடுக்கற ஒரு குடுவை ஃபியானோதான் எங்கிட்ட இருந்துச்சு. அது அப்படியே தீர்ந்துச்சு. அண்ணன் போனப்ப என் வீட்டுல சொட்டு இல்லை. உங்ககிட்ட வந்து கேட்டா, "என் குடுவை எங்க போச்சு?"ன்னு கேப்பீங்க. நான் என்ன சொல்லுவேன்? தூஃபோவுக்கு ஓடினேன். அங்கதான் அன்னிக்குக் கிடைச்சுது.

பிரசங்கத்துல சாமியாரு, "தினமும் ஜெபமாலை"ன்னதும் எனக்கு அந்தச் சோம்பு வாசம் வந்துச்சு அண்ணி. சிரிப்பு மட்டும் வரலை. சிரிப்பும் அழுகையும் ரெண்டும் சேர்ந்து வந்துச்சு. அதை இருமலாத்தான் மாத்த முடிஞ்சுது.

சபீனோ


25 செப்டம்பர்

கொழுந்தனாருக்கு,

மூன்று நாள் இந்தக் கடிதத்தை எழுதாமல் வைத்திருந்தேன். முதலில் எழுதிய இரண்டையும் அடுப்பில் போட்டேன். அவற்றில் இருந்த சொற்களைக் கன்னிமாடத்தில் கற்கவில்லை.

என் கணவர் கடைசிக் காலத்தில் பக்திமானாகிவிட்டார் என்று நான் ஊர் முழுவதும் சொன்னேன். கிணற்றடியில் சொன்னேன். பள்ளித்தோழியான மடத்துத் தலைவிக்கு எழுதினேன். அவர் சிறு பிள்ளைகளுக்கு அதை முன்மாதிரியாகப் படித்துக்காட்டினார். பிரசங்கத்தில் சேர்க்கும்படி தொன் நிக்கோலாவிடம் சொன்னதும் நான்தான். அந்த மனிதர் என்னவென்றால் பிழிபொறிமேல் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

சுருக்கம் இல்லை என்றாரா? சரியாக எந்தச் சொற்களில் சொன்னார் என்று நினைவிருந்தால் எழுதும்.

இப்போது வேலைக்கு வருகிறேன். திராட்சை காத்திருக்காது. சத்தியத்தை நான் மீறப்போவதில்லை. நீர் மீறினாலும் மதிக்க மாட்டேன். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் நாம் சொன்னதை வார்த்தை பிசகாமல் நினைத்துப் பார்த்தேன். நீர் என் வாசற்படியைத் தாண்டுவதில்லை. நான் தாண்ட விடுவதில்லை. சந்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சந்து நகராட்சிக்குச் சொந்தம்.

ஆகவே என் பீப்பாயை ஆள் வைத்துச் சந்துக்கு உருட்டுகிறேன். உமது பொறியை நீர் சந்துக்குக் கொண்டுவாரும். முதலில் தேனீக்களை வெளியேற்றும். அவற்றை உமக்கே திருப்பித் தருகிறேன். இதற்குச் சட்டம் தேவையில்லை. பீப்பாயை வெந்நீர் விட்டு நான் கழுவுவேன், நீர் கழுவ வேண்டாம். உமது கழுவலை உமது கடிதங்களில் பார்த்திருக்கிறேன். அறுவடை எட்டாம் தேதி திங்கட்கிழமை.

எர்மெலிந்தா


1 அக்டோபர்

அண்ணி,

நாலு ஆளு, ஒரு கழுதை பேசியாச்சு. பொறியைப் பிரிச்சுத்தான் கொண்டுவரணும். திருகு மட்டும் ஒரு பன்னி எடை. அதை வெச்சா சந்துல பூனைகூடப் போக முடியாது. சொல்லிட்டேன்.

தேனீயை சனிக்கிழமை எடுத்துடறேன். பீப்பாய் மூடியைக் கழட்டணும். உங்க ஜன்னலைச் சாத்திக்குங்க. இந்தத் தடவை கோவத்துல இல்லை, மூக்குக்காக.

அண்ணன் சொன்னது: "ஒரு சுருக்கம் இல்லைடா. வாயில வெச்சா ஞாயித்துக்கிழமை மாதிரி இருக்கு."

சபீனோ


16 அக்டோபர்

கொழுந்தனாருக்கு,

ஊர் அடங்குவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அதனால் இப்போதுதான் எழுதுகிறேன்.

முதலில் என் கண்டனங்கள். பிழியும்போது நீர் பாடிய பாட்டு அறுவடைப் பாட்டு அல்ல. அதன் இரண்டாவது அடி உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும்; என் ஜன்னலில் நின்ற சின்னப் பெண்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்து, என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, என்னிடம் பேசாமல் அஸ்சுந்தா மூலமாகப் பேசியது.

"அக்கா, அந்த அம்மாகிட்ட சொல்லுங்க, கூடையில இலை கிடக்குதுன்னு."

நானும் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன்: "அஸ்சுந்தா, அந்த ஆளுகிட்ட சொல்லு, அவரு அரைஞாண் கட்டறதுக்கு முன்னாலயே நான் இலை பொறுக்கினவள்னு."

அதற்கு அவள், இரண்டு பக்கமும் வழி அடைபட்டு, கடிதப் பையோடு நடுவில் மாட்டிக்கொண்டு, "எனக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்கறது ஒட்டின காயிதத்துக்கு. வாயால அனுப்பறதுக்கு யாரு குடுப்பா? ரெண்டு பேரும் தலைக்கு ஒரு முத்திரை என் நெத்தியில ஒட்டுங்க!" என்று கத்தியது மேல்தெரு வரைக்கும் கேட்டிருக்கிறது.

தொன் நிக்கோலா நோயாளிக்கு நற்கருணை எடுத்துக்கொண்டு அந்த வழியாக வந்தது யார் குற்றமும் அல்ல. ஆனால் ஒரு குருவானவரிடம் நீர், "சாமி, திருகு இறங்கிக்கிட்டிருக்கு, நிறுத்த முடியாது. குனிஞ்சு வாங்க" என்றது முறையா? அவர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு பொறிக்கு அடியில் நுழைந்து, என் பக்கம் வெளிவந்து, மூச்சு வாங்க, "ஜெரார்தோ இருந்திருந்தா இந்தக் கூத்தைப் பார்த்திட்டு ஜெபமாலையைக் கையில எடுத்திருப்பாரு!" என்றார்.

அப்போது யாரோ இருமியதை ஊர் கேட்டது. நீர் இருமியதாக எல்லோரும் நினைக்கிறார்கள். திருத்த வேண்டாம்.

பீப்பாயில் மெழுகு வாசம் போகவில்லை. மூன்று முறை வெந்நீர் விட்டேன். சாறு இப்போது உள்ளே பொங்குகிறது. சுவரில் காதை வைத்தால் கேட்கிறது. தேனீ இன்னும் உள்ளே இருப்பது போலவே இருக்கிறது.

எர்மெலிந்தா


20 பிப்ரவரி 1974

அண்ணி,

பனி கொட்டுது. குளிர்ல உங்க ஃபியானோ பொங்கறதை நிறுத்தித் தூங்கியிருக்கும். எழுப்பாதீங்க. நிலவறை ஜன்னலைத் திறந்து பார்க்கறேன், மூடிப் பார்க்கறேன்னு கிளம்பாதீங்க. மார்ச்சு மாசம் தானா எழுந்துக்கும்.

உங்ககிட்டேர்ந்து வந்த கூட்டத்தைக் கடைசிப் பெட்டியில வெச்சிருக்கேன். சர்க்கரைப் பாகு வெச்சேன், குடிக்குதுங்க. ஆனா மத்த பெட்டிங்களோட சேராம, வாசல்ல ரொம்ப சுத்தமா, வரிசையா நிக்குதுங்க. எங்க வளர்ந்ததுன்னு பார்த்தாலே தெரியுது.

ஈஸ்டருக்கு லுச்சியானோ அந்த நேபிள்ஸ் ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றான்னு அஸ்சுந்தா அக்கா சொல்லுச்சு. எனக்குத் தூக்கம் இல்லை.

சபீனோ


13 ஏப்ரல் 1974, பெரிய சனிக்கிழமை

தம்பி சபீனோ,

அவர்கள் நேற்று முன்தினம் வந்தார்கள். நீ ஜன்னல் ஓரத்தில் நின்றதைப் பார்த்தேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாய். ஆனால் தொப்பி வெளியே இருந்தது.

நேபிள்ஸ்காரர் வழுவழுப்பான காலணி போட்டிருந்தார். தோட்டத்துக்குப் போகாமலே எங்கே நீச்சல் குளம் வரும் என்று கையால் காட்டினார். உட்காருங்கள் என்றேன். வீட்டுக்கு வந்தவருக்கு எதையும் ஊற்றாமல் அனுப்ப எனக்குக் கற்றுத்தரவில்லை. பீப்பாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஓ, இனிப்பா இருக்கே, லேசா கூசுது, என் மனைவிக்குப் பிடிக்கும்" என்றார். அதோடு அவர் என் கணக்கில் முடிந்தார்.

லுச்சியானோ குடிக்கவில்லை. முதலில் மோந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் மோந்தான். அவன் அப்பா மோந்து பார்க்கும் அதே மாதிரி, மூக்கு ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு குடித்தான். "அம்மா, இதுல என்ன சேர்த்தே?" என்றான்.

"திராட்சை" என்றேன்.

"பொய் சொல்லாதே. தேன் வாசம் வருது."

"ஃபியானோவுக்கு எப்பவும் தேன் வாசம்தான்டா. நீ தோரினோ போய் மறந்துட்டே."

பீப்பாய் மெழுகா, திராட்சையா என்று எனக்கே தெரியாது. தெரிந்தாலும் உன்னிடம் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் மிச்சத்தையும் குடித்து முடித்தான். பிறகு நேபிள்ஸ்காரரிடம், "மன்னிச்சுக்குங்க. எங்க அம்மா ஆறாவது மாடிக்கு வர மாட்டாங்க" என்றான். நான் அப்படி அவனிடம் சொன்னதே இல்லை. நீ எழுதினாயா? பதில் சொல்ல வேண்டாம். காரில் ஒரு குடுவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

கூலியாக உனக்கு ஒரு குடுவை எடுத்துவைத்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு நிபந்தனை. எனக்கு வயது எழுபத்தைந்து. நான் போனால் என் வீட்டு அடுப்பு எரியக்கூடாது. சாப்பாடு கொண்டுவரும் கடமை உனக்குத்தான் வரும். அதனால் அந்தக் குடுவையிலிருந்து எனக்கான பங்கை மூடி முத்திரை வைத்துவிடு. இந்தத் தடவை கிரேக்கோ வந்தால் நான் எழுந்து வந்து சந்தில் வைப்பேன்.

கடைசியாக ஒன்று. நம் சத்தியத்தைத் திரும்ப யோசித்தேன். நீ என் வாசற்படியைத் தாண்டக்கூடாது. அது அப்படியே இருக்கிறது, இருக்கவும் இருக்கும். ஆனால் நான் உன் வாசற்படியைத் தாண்டுவதில்லை என்று எப்போதும் சொல்லவில்லை. நன்றாக நினைத்துப் பார்த்துவிட்டேன், சொல்லவே இல்லை.

இன்று மாலை பொறிக்கொட்டாயின் பின்கதவைத் திறந்து வை. குடுவையை நானே எடுத்துவருகிறேன். நீலக் குவளையும் வரும், அதற்குரிய ஆணி இன்னும் இருக்கிறதா பார். உனக்கு நீயே ஒரு கிளாஸ் தேடிக்கொள், கழுவியது. பொறிமேல் இருக்கும் தூசியைத் துடை; அவர் எந்தப் பக்கம் உட்காருவார் என்று நீ எனக்குக் காட்ட வேண்டும்.

இந்தக் கடிதத்துக்கு முத்திரை ஒட்டவில்லை. துணிக்கயிற்றில் கிளிப்பு போட்டு மாட்டுகிறேன். அஸ்சுந்தா கேட்டால் காற்று கொண்டுவந்தது என்று சொல்.

என்னைச் சந்தில் யாராவது பார்த்துக் கேட்டால், சின்ன மாதா கோவிலுக்கு ஜெபமாலை சொல்லப் போகிறேன் என்பேன். இந்தக் குடும்பத்தில் அதை எல்லோரும் நம்புவார்கள்.

உன் அண்ணி
எர்மெலிந்தா